பெரிய வீட்டு வண்டி குடித்த எண்ணெய்

மேனாம்பேட்டு ஜம்புலிங்கம் பதினான்கு வயதில் கொரட்டூர் பெரிய வீட்டுக் குதிரைக்குப் புல் போட வந்தவர். குதிரை போய் மோட்டார் வந்தபோது லாயத்து ஆளையே டிரைவர் ஆக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தாகிவிட்டது. அதற்குள் மூன்று வண்டிகள் மாறின, எஜமானும் மாறினார். பெரியவர் காலமாகி மகன் திருவேங்கடம் பொறுப்புக்கு வந்தார். ஜம்புலிங்கத்தின் காக்கிச் சட்டை மட்டும் மாறவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரைத் திருடன் என்று சொன்னதில்லை. யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், மாசி மாதத்தில், அதையும் சொன்னார்கள்.

எல்லாம் மூன்றாவது வண்டியால் வந்த வினை. எட்டு சிலிண்டர், கப்பலில் வந்தது, ஏதோ ஒரு ஜமீன் வீட்டில் ஓடியது. உள்ளே வெல்வெட் மெத்தை, வெள்ளிப் பூண் போட்ட ஊதுவத்திச் செருகி. முதல் ஆறு மாதம் பூப்போல ஓடியது. பிறகு புகைக்க ஆரம்பித்தது. அம்பத்தூர் ரயில் கேட்டைத் தாண்டினால் போதும், பின்னால் வரும் மாட்டு வண்டிக்காரர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசினார்கள். மாதத்துக்கு வந்த ஒரு டின் இஞ்சின் எண்ணெய் ஒரு வாரத்துக்குக்கூடப் போதவில்லை.

கணக்குப்பிள்ளைக்குப் பதில் தயாராக இருந்தது. நல்ல எண்ணெயை லாரிக்காரனிடம் தள்ளிவிட்டு, கழிவு எண்ணெயை ஊற்றுகிறான், அதுதான் புகை என்றார். திருவேங்கடம் நல்லவர்தான், கத்தவில்லை. டின் இருந்த அறைக்கு ஒரு பூட்டு மாட்டிச் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் ஜம்புலிங்கம் அந்த அறை வாசலில் குவளையோடு நிற்க வேண்டியிருந்தது. கணக்குப்பிள்ளை பல் விளக்கி, வெற்றிலை போட்டு, பிறகுதான் வருவார்.

அதையும் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் சோறு போடும்போது மனைவி முத்தம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "நெசமா சொல்லு. எதுனா எடுத்தியா?"

 அவர் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் எஜமான் கூப்பிட்டுச் சொன்னார்: "பூந்தமல்லி மொய்தீன்கிட்ட வண்டியக் கொண்டு போ. வண்டிதான் குடிக்குதுன்னு அவன் சொன்னா வண்டிக்கு வைத்தியம் பார்ப்போம். இல்லேன்னா நீ வேற இடம் பார்த்துக்கோ."

ஹாஜா மொய்தீன் டிரங்க் ரோட்டில் ஷெட் வைத்திருந்தார். மற்றவர்கள் மண் தரையில் வண்டி பிரித்த காலத்தில், சிமெண்டுத் தரை போட்டு, ரசமட்டம் வைத்து மூலைக்கு மூலை மட்டம் பார்த்துக்கொண்ட மனிதர். அதற்காக ஊரே அவரைக் கேலி செய்தது.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சியே செரியில்ல?"

"நாம்ப திருடனாம் பாய். நீதான் தீர்ப்பு சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஜம்புலிங்கம் மணைமேல் உட்கார்ந்துவிட்டார். 

மொய்தீன் அவசரப்படவில்லை. வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தால் பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. ஆக, ஒழுகல் இல்லை. எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்தார், மோந்தார். "நல்ல எண்ணெய்தான். கழிவு இல்ல" என்றார். பிறகு எட்டு பிளக்கையும் கழற்றித் துணிமேல் வரிசையாக வைத்தார். எட்டும் ஒரே மாதிரி எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தன.

"பிஸ்டன் ரிங்கு ஒடைஞ்சிருந்தா ஒண்ணு ரெண்டுதான் நனையும். எட்டும் ஒண்ணா நனைஞ்சிருக்கே" என்று முனகியபடி, எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். எண்ணெய், குச்சியில் கிழித்திருந்த மேல்கோட்டையும் தாண்டி இரண்டு விரல்கடை ஏறியிருந்தது.

அவர் ஜம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. "எடுத்தது தெரியக் கூடாதுன்னு ரொப்பிக்கினு வந்தியா?"

"அல்லா மேல ஆணையா சொல்லு பாய், நீயுமா?" ஜம்புலிங்கம் மணையை விட்டு எழுந்தார். "காலீல பாத்தப்போ கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்திச்சு. ஒரு கொவளதான் ஊத்தினேன். தெனமும் அப்டித்தான். வண்டிய எடுக்கறதுக்கு முன்னால, ஆறின இஞ்சின்ல, மொறையாத்தான் பாக்கறேன்."

"எங்க வச்சுப் பாக்கறே?"

"ஊட்டு முன்னால போர்டிகோல."

"தரை மட்டமா கீதா?"

"மட்டம்தான்" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

வண்டி முன்பெல்லாம் பின்கட்டு ஷெட்டில்தான் நின்றது. போன ஆயுத பூஜையன்று எஜமானின் தாயார் வேம்புலியம்மாள், சந்தனம் குங்குமம் வைத்த வண்டி தெற்கு பார்த்து நிற்கக் கூடாது, எமன் திசை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிழக்கு பார்த்து வாசல் போர்டிகோவில் நிற்கிறது. ஏரித் தண்ணீர் ஏறாமலிருக்க உயர்த்திக் கட்டிய வீடு. போர்டிகோ குதிரை வண்டி அளவுக்குத்தான் போட்டது. இந்த நீள வண்டிக்கு முன் சக்கரம் மேலே ஏறி நிற்கும், பின் சக்கரம் சரிவிலேயே நிற்கும். குச்சி இருப்பது இஞ்சினின் முன்பக்கம். மூக்கைத் தூக்கினால் எண்ணெய் பின்னால் ஓடிவிடாதா? வண்டி உருளாமலிருக்க ஐந்து மாதமாக, தினமும் சாயங்காலம் பின் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தது யார்? இவரேதான்.

"செங்கல் வப்பேன் பாய்" என்றார். போர்டிகோச் சரிவையும் சொன்னார்.

மொய்தீன் ஜாக்கி போட்டு முன் சக்கரங்களை ஒன்றரை அடி தூக்கினார். கொஞ்ச நேரம் விட்டுக் குச்சியைப் பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே. இறக்கினார், மறுபடி இரண்டு விரல்கடை மேலே. அதிகமான எண்ணெயை இஞ்சின் கலக்கியடித்து மேலே ஏற்றி எரித்துத் தள்ளியிருக்கிறது. எரிந்து குறைந்ததும் இவர் மறுபடி ஊற்றியிருக்கிறார். திருடனும் இல்லை, இஞ்சினில் கோளாறும் இல்லை.

அதிகப்படியை வடித்துவிட்டு, பிளக்குகளைத் துடைத்துப் போட்டு, இருவரும் திருமழிசைப் பக்கம் ஓட்டிப் போனார்கள். முதல் இரண்டு மைல் புகை வந்தது. ஜம்புலிங்கம் வேகத்தைக் குறைத்தார். "கொழால ஊறினது எரியுது, ஓட்டு" என்றார் மொய்தீன். குத்தம்பாக்கம் தாண்டித் திரும்பும்போது பின்னால் புழுதி மட்டும்தான் இருந்தது.

ஷெட்டில் இறங்கியதும் மொய்தீன் தயங்கினார். "அண்ணாத்தே, ரிங்கு போச்சு, மாத்திட்டேன்னு நான் சொல்லிடறேன். உன் பேரும் கெடாது."

அது எவ்வளவு சுலபம்!  ஆனால் ஜம்புலிங்கம் மறுத்துத் தலையாட்டினார். "வாணாம் பாய். இதுக்கு மேல ஒரு பொய்யத் தூக்கிக்கினு நடக்க என்னால ஆவாது."

வீட்டுக்கு வந்து எஜமானிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். சரிவு, குச்சி, செங்கல், எல்லாம். "தப்பு என்னுதுதான் எஜமான். திருடல. தெரியாம ஊத்திட்டேன். அம்மா சொன்ன தெசைய மாத்த வாணாம். தெனமும் வண்டியக் கீழ எறக்கி, ஆறவிட்டுப் பாத்துக்கறேன்."

திருவேங்கடம் வண்டியைக் கிளப்பச் சொல்லிக் குழாயைப் பார்த்தார். புகை இல்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "இருபத்திரண்டு வருஷ டிரைவர்! அஞ்சு மாசம் செங்கல் வச்சுட்டு, மட்டம்னு நெனச்சு எண்ணெய் ஊத்தியிருக்கான்!" கணக்குப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். திருடன் என்று சொன்னதை இருவரும் மறந்தே போனார்கள். மனசில் கெட்ட எண்ணம் இல்லாதவர்கள், அதனால் மறப்பது சுலபம். ஜம்புலிங்கமும் சிரித்துவைத்தார். வேறென்ன செய்வது?

சிரித்து முடித்த எஜமான் கணக்குப்பிள்ளையிடம் கைநீட்டி அறைச் சாவியை வாங்கினார். "இந்தா, பழையபடி நீயே வச்சுக்கோ."

ஜம்புலிங்கம் சாவியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"அது கணக்குப்பிள்ளைகிட்டயே இருக்கட்டும் எஜமான். வண்டி நாளைக்கு மறுபடி பொகைஞ்சாலும் பொகையும். நான் கொவளைய எடுத்துக்கினு வந்து நின்னுக்கறேன்."

சொல்லிவிட்டுப் போர்டிகோவுக்குப் போய், செங்கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு வைத்தார்.