தறிப் பக்கத்தில் அரைத்த கடலை வெண்ணெய்

நான், என் மனைவி செல்வி, மகள் கவிதா, தறியில் முக்கால்வாசி நெய்த கல்யாணப் பட்டுச்சேலை. அன்று வீட்டில் இருந்தது இவ்வளவுதான்.

மகள் ஆசைப்பட்டாள் என்று வறுத்த வேர்க்கடலையை வெண்ணெய் மாதிரி வர மிக்ஸியில் அரைத்தேன். பிளக் பாயின்ட் தறிக்குப் பக்கத்தில் இருந்தது. கடலை ஜாரில் ஒட்டிக்கினு சுத்தவில்லை. மிக்ஸியை நிறுத்தாமல் மூடியைத் திறந்தேன். எல்லாம் பறந்தது.

செல்வி என்னைப் பார்க்கவில்லை, சேலையிடம் ஓடினாள். எண்ணெய் பட்டால் பட்டு போச்சு. அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு படலங்க. எல்லாம் உங்க தலையிலதான்!" என்று சிரித்தாள்.

"ஜல்தி குனிஞ்சுக்கோப்பா, தலையில தொட்டுக்க பிரட் எடுத்துகினு வரேன்" என்றாள் மகள்.

இப்போது மிக்ஸி நின்ற பிறகுதான் மூடியைத் தொடுகிறேன். மிக்ஸியைச் சமையல்கட்டுக்கும் மாற்றிவிட்டேன். தறிக்கும் மிக்ஸிக்கும் நடுவில் பதினாலு அடி.