பூட்டுத் தழும்புள்ள ஞானஸ்நானத் தொட்டி

செவ்வாய், காலை பத்து மணி. நானும் தங்கச்சி மலரும் இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயில் ஏறினோம். பழைய கல்லைக் கண்டால் நின்று தடவிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. விமான நிலையத்தை ஒட்டிய ஊர் ஒன்றில் எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்திய, நோர்மன் காலத்து ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலருக்குக் கல்லில் ஆர்வம் கிடையாது. அவளுடைய மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. தாய் தகப்பனைத் தவிர ஒருவரையும் உள்ளே விடுகிறார்கள் இல்லை. வீட்டில் விட்டால் அழுதே தீர்ப்பாள் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

பாடிங்டனில் மாறி, ஹேய்ஸில் இறங்கியபோது பதினொன்றேகால். அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். இரண்டு பேரிடமும் வயதானவர்களுக்குக் கொடுக்கிற ஃப்ரீடம் பாஸ் இருந்தபடியால் பயணம் இனாம்.

தேவாலய வாசலுக்குப் பக்கத்திலேயே தொட்டி நின்றது. நத்தை ஓடுகள் உறைந்த சாம்பல் கல், சதுர வடிவம், நடுவில் தடித்த கால், மூலைகளில் மெல்லிய கால்கள். ஆட்டுக்கல் நாலைச் சேர்த்துவைத்த பருமன் இருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளையை முழுதாக அமிழ்த்தி எடுப்பார்களாம். அதைச் சொன்னவர் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண்மணி. கையில் தூசித் துணியோடு வந்து ஆங்கிலத்தில் எல்லாம் விளக்கினார்.

விளிம்பில் இரண்டு இடத்தில் கல் உடைந்து தழும்பாகக் கிடந்தது. பூட்டுக் கொளுக்கி இருந்த இடமாம். அப்போதெல்லாம் மந்திரித்த தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டுவைப்பார்களாம். நோய்க்கும் சூனியத்துக்கும் ஊர்ச்சனம் அதைக் களவெடுக்கத் தொடங்கியதால், மூடி போட்டுப் பூட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததாம். தீர்த்தத்துக்குப் பூட்டா! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், மலர் கைப்பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்துவிட்டாள்.

"உனக்கென்ன விசரோ? பெட்டிக்குள்ளை தண்ணி விட நர்ஸ் விடுவாளோ?"

"உள்ளை விடத் தேவையில்லை அண்ணை. மகள் கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்திலை வைச்சாலே போதும்."

"இது வேதக்காரற்றை தண்ணி, நாங்கள் சைவக்காரர்."

"பிள்ளைக்கு ஆரின்ரை தண்ணியெண்டால் என்ன?"

போத்தலைக் கண்ட பெண்மணி தொட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே காய்ந்து கிடந்தது. இந்தக் காலத்தில் ஞானஸ்நானம் நடக்கிற அன்றைக்கு மட்டும்தான் தண்ணீர் விடுகிறார்கள், அடுத்தது ஞாயிற்றுக்கிழமை என்றார்.

"எங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை," என்று மலர் போத்தலை உட்காரும் வாங்கிலில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கூப்பிட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. அதே ரயில், அதே பஸ். தொட்டியின் பின்பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வீட்டில் ஒரு சாட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். குருவானவர் தலையில் தண்ணீர் வார்க்க, கொழுகொழுவென்ற பிள்ளை ஒன்று கூரை அதிரக் கத்தியது. எங்கள் பிள்ளைக்கு அழக்கூடச் சக்தியில்லை.

எல்லோரும் படம் எடுக்க வெளியே போனார்கள். மூடி கீழே கிடந்தது, தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் தழும்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் களவெடுக்க வந்தவர்களை நினைத்து இனிச் சிரிக்க மாட்டேன். பெண்மணி வந்தார். என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் அணைக்கத் தொடங்கினார்.

பஸ் தரிப்பிடத்தில் நின்று தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்டைக்கு உன்ரை போத்தலை விட்டிட்டு வந்திட்டாய். நான் கொண்டு வாறன்."

"ஐயோ அண்ணை, வெறும் போத்தலுக்கு ஏன் அவ்வளவு தூரம் போனனீங்கள்?"

"இப்ப அது வெறும் போத்தல் இல்லை."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மூடியை இறுக்கிப் பூட்டினனீங்களோ, அண்ணை?"