நாலு மணிக்கே வந்துவிட்டார்கள்

என் முதலாளி ஒரு இங்கிலாந்துக்காரி, நாடகத் தயாரிப்பாளர். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் பத்து நாள் மூத்தவள். சண்டை வரும்போதெல்லாம் அந்தப் பத்து நாளை எடுத்து விடுவாள். ஜெர்மனியின் வால்டோர்ஃபிலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் எங்கள் நகரம். அங்கே பழைய சலவைக்கூடம் ஒன்றில் அவளுடைய சின்ன ஆங்கில நாடக அரங்கு இருக்கிறது. வார நாட்களில் நான் ஒரு பல் வைத்தியரின் உதவியாளர். சனி, ஞாயிறுகளில் அரங்கின் வாசலில் இருந்து ரிக்கெற் விற்பேன்.

தயாரிப்பாளர் என்றால் காசு போடுகிற ஆள் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நாடகத்தைத் தெரிவு செய்வது, நடிகர்களைப் பிடிப்பது, அவர்களுடைய சண்டையைத் தீர்ப்பது, கழிவறைக் குழாய் ஒழுகினால் ஆள் தேடுவது, பதினைந்து பேர் மட்டும் வந்த நாளிலும் முகத்தில் சிரிப்பை விடாமல் வைத்திருப்பது, இவ்வளவும் அவள் தலையில்தான். மேடைக்கு மட்டும் போகமாட்டாள். முடிவில் நடிகர்கள் கைகாட்டிக் கூப்பிட்டாலும் பின்கதவருகே நின்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விடுவாள்.

போன வருடத் தொடக்கத்தில் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அலுவலக ஜெர்மன் அவளுக்கு இன்றைக்கும் ஓடாது, அதனால் வாசித்துச் சொன்னவள் நான்தான். கட்டடத்தின் குத்தகை முடிகிறது. உடற்பயிற்சி நிலையம் ஒன்று அந்த இடத்தைக் கேட்கிறது. முடிவெடுக்குமுன் மூன்று பேர் வந்து ஒரு நாடகம் பார்ப்பார்கள். அரங்குக்கு உண்மையிலேயே சனம் வருகிறதா என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். அவள் தேத்தண்ணி போடப் போனாள். கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள்.

எங்களுக்கு வருகிறவர்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள்தான் அதிகம். கொரோனாவுக்குப் பிறகு அவர்களிலும் பாதிப்பேர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். “எங்கள் தமிழ் ஆட்களைக் கொண்டுவருகிறேன்” என்றேன்.

“அவர்கள் ஆங்கில நாடகம் பார்ப்பார்களா?”

“நாடகம் பார்க்க வரமாட்டார்கள். சொந்தக்காரர் நடித்தால் வருவார்கள்.”

அவள் எடுத்திருந்தது ஒரு விடுதிக் கதை, சிரிப்பு நாடகம். குடியிருப்போரில் ஒருவர் எந்நேரமும் எரிந்து விழுகிறவர். அந்தப் பாத்திரத்தைத் தமிழாக்கிவிட்டோம். எங்கள் நகரத்துப் பஸ் சாரதி அண்ணை ஒருவர் பள்ளிக்கூட நாட்களில் யாழ்ப்பாணத்தில் நடித்தவர். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“எனக்கு இங்கிலிஸ் ஏலாது தங்கச்சி.”

“உங்களுக்குத் தமிழ்தான் அண்ணை. கோவத்தில கத்தவேணும், அவ்வளவுதான்.”

“ஓம், அது ஏலும்” என்றார் உடனே.

அண்ணையின் சொந்தபந்தம் அவர் ஓட்டுகிற பஸ்ஸுக்குள் அடங்காது. வால்டோர்ஃபில் கணினி வேலை பார்க்கிற இந்தியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் செய்தி அனுப்பினேன். ஆனால் ஒரு தொல்லை இருந்தது. நாடகம் ஐந்தரைக்கு. ஐந்தரைக்கு மணி அடித்தால் அவள் கதவைப் பூட்டிவிடுவாள், பிறகு நகரபிதா வந்தாலும் திறக்கமாட்டாள். எங்கள் விழாக்களிலோ ஐந்தரை என்றால் ஏழு மணிக்குத்தான் முதல் கார் வந்து நிற்கும். விழா வைக்கிற எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: நேரத்தைக் குறைத்துப் போடுவது. நானும் தமிழ் அழைப்பிதழில் நாலு மணி என்று அடித்துவிட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க, ரிக்கெற் பெட்டியைத் திறந்து வைக்கலாம் என்று ஆறுதலாக, அவசரமில்லாமல்தான் போனேன். தெருமுனை வரை வரிசை நின்றது. சீலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டவர்கள், கம்பளித் தொப்பிக்காரர், தள்ளுவண்டியில் குழந்தைகள். பனியும் மழையும் கலந்து தூறுகிறது.

“என்ன பிள்ளை, நாலு மணியெண்டுதானே போட்டிருக்கு? கதவு பூட்டிக் கிடக்கு!” என்றார் முன்னால் நின்ற ஓர் அம்மா.

“நீங்கள் எப்பிடியம்மா நேரத்துக்கு வந்தனீங்கள்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“நானெங்க வந்தனான்? மகள் காரில ஏத்திக்கொண்டு வந்தவள். நாலெண்டால் மூண்டே முக்காலுக்கு நிக்கவேணுமாம். தலையிழுத்துச் சீவவும் விடேல்லை.”

அப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. பிந்தி வருகிற எங்கள் சனத்தில் முக்கால்வாசிப்பேர் இப்போது கார் ஓட்டுவதில்லை. இங்கே பிறந்து, இங்கே படித்து, மணிக்கூட்டைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். நான் இருபது வருடத்துக்கு முந்திய சனத்துக்கு அழைப்பிதழ் அடித்திருக்கிறேன்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். “என்ன இது, ஆர்ப்பாட்டமா?”

சொல்லித் தொலைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அன்று கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

“உன் சொந்த ஆட்களிடமே பொய் சொல்லியிருக்கிறாய்.”

“பொய் இல்லை. அது ஒரு கணக்கு.”

“பிழையான கணக்கு.”

எனக்கும் ஏறியது. “உன்ர இடத்தைக் காப்பாத்தத்தானே செய்தனான்!” என்று தமிழிலேயே கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் ஆவலோடு பார்த்தார்கள். முன்கூட்டித் தொடங்கவும் வழியில்லை. அண்ணை இன்னும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், நாலரைக்குத்தான் அவருக்கு வேலை முடியும். நகரசபை ஆட்கள் வருவதும் ஐந்தரைக்குத்தான். குளிரில் நிற்கிற சனம் ஒன்றரை மணி நேரம் தாங்காது. திரும்பிப் போனால் வெறும் கதிரைகளைத்தான் அந்த மூவருக்கும் காட்டவேண்டும். அவள் வரிசையை முனை வரை ஒருமுறை பார்த்தாள். “உள்ளே விடு. நீயும் என்னோடு வா” என்றாள்.

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. பின்கதவை விட்டு அசையாத மனுசி நேரே மேடையில் ஏறினாள். பக்கத்தில் என்னை நிறுத்தினாள். “நான்தான் இந்த அரங்கை நடத்துகிறவள். நீங்கள் ஐந்தரை வரை காத்திருக்க வேண்டும், பிழை எங்களுடையது. அதுவரை எனக்குச் சொல்ல ஒரே ஒரு கதைதான் தெரியும், என் கதை” என்றாள். நான் தமிழில் சொன்னேன். இந்தியப் பிள்ளைகள் எனக்கு முன்னரே சிரித்தார்கள்.

தாய் வட இங்கிலாந்தில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்தவராம். இவள் பதினாறு வயதில் ஊர் நாடக அரங்கில் இடைவேளைக்கு ஐஸ்கிரீம் விற்றிருக்கிறாள். பிறகு ஒரு நாடகக் குழுவோடு, உடுப்புகளுக்கு அயன் போடுகிற வேலையில், ஜெர்மனிக்கு வந்தாள். சுற்றுப்பயணத்தின் நடுவில் தயாரிப்பாளர் ஒருவருக்கும் சொல்லாமல் ஓடிவிட்டார். நடிகர்கள் விடுதி வாசலில் பெட்டிகளோடு குந்தியிருக்க, இவள் தொலைபேசியை எடுத்து ஒவ்வோர் ஊர் அரங்கையும் கூப்பிட்டு, மிச்ச நாடகங்களை நடத்தி முடித்தாள். “அன்றைக்கு நான் தயாரிப்பாளர் ஆனேன். வேறு ஆள் இருக்கவில்லை” என்றாள்.

எங்கள் சனம் சும்மா கேட்டுக்கொண்டு இருக்குமா? கேள்விகள் கிளம்பின.

“கலியாணம் முடிச்சவவோ எண்டு கேளுங்கோ!”

“இரண்டு தரம்” என்றாள். “இரண்டு பேருக்கும் நாடகம் பிடிக்காது.” அரங்கு அதிர்ந்தது.

“விசா என்ன மாதிரி?” என்றார் நடுவரிசை ஐயா ஒருவர், மிக முக்கியமான கேள்வியைக் கேட்கிற முகத்தோடு.

இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதும் தானும் வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்ததாம். டெர்மின் என்கிற முன்பதிவு எடுத்து, விடியக் காலையில் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது, கேட்ட பத்திரங்களில் ஒன்று வீட்டு மேசையில் கிடந்ததாம். நான் அதை மொழிபெயர்த்து முடிக்கவில்லை, கைதட்டல் கிளம்பிவிட்டது. ஒருவர் எழும்பி நின்று, “அக்கா, நீங்கள் எங்கட ஆள்!” என்று கத்தினார். அதை நான் அவளுக்குச் சொன்னேன். அவளுடைய கண் கலங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நல்ல காலம், கேள்விகள் நிற்கவில்லை.

ஐந்தேகாலுக்கு அண்ணை சீருடையோடு ஓடிவந்து பின்பக்கத்தால் புகுந்தார். அதே நேரத்தில் வாசலில் இன்னொரு கூட்டம். என் கணக்குச் சரியாகப் பலித்த பழைய சனம், தாங்களே கார் ஓட்டி வந்தவர்கள், நாலு மணி என்றால் ஐந்தரை என்று வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நகரசபையின் மூன்று பேரும் நெரிபட்டு நின்றார்கள். அவர்களுக்காக முன்வரிசையில் கடதாசி ஒட்டி வைத்திருந்த கதிரைகளில் மூன்று அம்மாமார் வசதியாக அமர்ந்திருந்தார்கள். கடதாசிகள் மடித்துக் கைப்பைகளுக்குள் போயிருந்தன. நான் பதறிப்போய் எழுப்ப ஓடினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“விடு. அவர்கள் நாலு மணிக்கு வந்தவர்கள்.”

அந்த மூவரின் தலைவி, மெலிந்த ஜெர்மன் அம்மையார், சுவரோடு ஒதுங்கி நின்றே முழு நாடகத்தையும் பார்த்தார். அண்ணை தமிழில் கோபித்துக் கத்தியபோது ஒரு சொல்லும் விளங்காமலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முடிவில் சனம் எழும்பி நின்று நடிகர்களையும் கூப்பிட்டது, “அக்கா, அக்கா” என்று அவளையும் கூப்பிட்டது. அவள் போனாள்.

மூன்று வாரத்தின் பின் கடிதம் வந்தது. அவள் பிரிக்கவில்லை, என்னிடம் நீட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முதல் பக்கத்தை வாசித்தேன். இன்னும் பத்து வருடத்துக்கு இடம் எங்களுக்கே. அவள் திரும்பி என்னை எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடித்தாள். பிறகு இரண்டாம் பக்கத்தை வாசித்தேன். அது கண்டிப்பான எச்சரிக்கை: அன்று தீயணைப்பு விதிகள் அனுமதிக்கும் தொகையை மீறி அரங்கினுள் ஆட்கள் இருந்தார்கள், இது மீண்டும் நடக்கக்கூடாது.

“திருப்பி வாசி” என்றாள். வாசித்தேன். இன்னொரு தரம் கேட்டாள்.

குத்தகைப் பக்கத்தைக் கோப்பில் போட்டாள். எச்சரிக்கைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டினாள். இவ்வளவு கால நாடக வாழ்க்கையில் சனம் கூடிப்போனதென்று அவளை ஒருவரும் ஏசியதில்லை.