பட்டரவாக்கத்துக்கு முன்னால் நின்ற வண்டி

அக்காவின் கை வியர்த்திருந்தது. வெயில் ஏறாத காலைதான், ஆனாலும் வியர்த்திருந்தது. அந்தக் கை என் பிடியிலிருந்து நழுவிய கணம் இன்றும் மறக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. ஒரு பிசிறு நூலைக்கூட விடமாட்டார். ஆவடியில் மின்சார ரயில் ஏறி, திருமுல்லைவாயலில் ஏறும் எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார். பட்டரவாக்கத்தில் இறங்குவோம். நிலையத்துக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிட்டால் எஸ்டேட் ஆட்கள் காத்திருக்க மாட்டார்கள். குதித்து, தண்டவாளத்தைத் தாண்டி, சந்து வழியாகப் போய்விடுவார்கள். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்வோம்.

ஏற்றுமதி அவசரம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள். அன்று தண்டவாளப் பராமரிப்பு. பாதி மின்சார ரயில்கள் ரத்து என்று முதல்நாளே அறிவித்துவிட்டார்கள். வந்த ஒரு வண்டியில் இரண்டு வண்டிக் கூட்டம். அதுவும் பட்டரவாக்கத்துக்கு முன்னால் நின்று, நகர்வதாக இல்லை. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இன்னிக்கு லைன்ல வேலை நடக்குது. வண்டி இன்னா வரப்போவுது? எறங்கும்மா” என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரயில்கள் ரத்து என்றால் தண்டவாளம் காலி என்றுதானே தோன்றும்? வேலை நடந்தது ஒரு தண்டவாளத்தில். அதில் போக வேண்டியவை இன்னொன்றில் வரும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. மற்ற நாட்களில் இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுகிற நாங்கள், அன்று கடைத்தெருவில் நடப்பதுபோல் கைகோத்துப் பேசிக்கொண்டே நடந்தோம்.

ஹாரன் சத்தம் மிக அருகில் கேட்டது. யாரோ கத்தினார்கள். நான் முன்னால் பாய்ந்தேன், அக்கா பின்னால் பாய்ந்தார். நடுவில் ஒரு எக்ஸ்பிரஸ்.

பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. சரளைக் கல்லில் மண்டியிட்டு, சக்கரங்களின் இடைவெளியில் அக்காவின் நீலப் புடவையைத் தேடினேன். தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

கடைசிப் பெட்டி போனதும் எதிரே அவர் நின்றிருந்தார், மின்சார ரயிலில் முதுகை ஒட்டிக்கொண்டு. கூப்பிட்டேன். வரவில்லை. காலியான தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதையில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் இருவர் வந்து, கையைப் பிடித்து இந்தப் பக்கம் அழைத்து வந்தார்கள். அதன்பின் அவர் ரயில் ஏறவே இல்லை. ஓய்வு பெறும்வரை நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போனார்.

இப்போது நூம்பலில் மகன் வீட்டில் இருக்கிறார். தண்டவாள வேலை என்று செய்தி வந்தால், அன்று காலையே எனக்குப் போன் வரும். எங்கே இருக்கிறாய் என்று கேட்பார். வீட்டில் என்று நான் சொல்லும்வரை வைக்கமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார். வீட்டில்தான் இருக்கிறேன் என்று பொய் சொன்னேன். உண்மையில், அண்ணனூர் தாண்டி நின்றுபோன ரயிலின் வாசலில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒவ்வொருவராகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர் வழிவிடச் சொல்லி நெருக்கினார். அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு ரயில் ஹாரன் அடித்தது.

அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை.

“எறங்காத” என்றார்.