கணுக்காலுக்குக் கீழே

எலும்பு டாக்டர்களிலேயே பாதமும் கணுக்காலும் பார்க்கிறவனிடம்தான் நோயாளி முதலில் "ஸாரி டாக்டர், கழுவாம வந்துட்டேன்" என்பார். போர்ட் பிளேரில் எனக்கு அந்த வேலை. நீங்களும் ஒருநாள் அதே ஸ்டூலில் காலைத் தூக்கி வைக்கப் போகிறவர்கள்தானே, கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

யார் உதைத்தது?

ஜங்லிகாட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் முருகேசன், ஷட்டில் விளையாடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாகச் சொல்லி நொண்டிக்கொண்டே வந்தார். குற்றம் சாட்டப்பட்ட நண்பர் செல்வம்தான் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினேன். அமுக்கினால் அசைய வேண்டிய பாதம் அசையவில்லை. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் அறுந்திருந்தது. "அது அறும்போது உதை விழுந்த மாதிரிதான் இருக்கும். யாரும் உதைக்கவில்லை" என்றேன். செல்வம் வாசலைக் காட்டினார்.

"டாக்டர், வெளியில நிக்கிற இவன் சம்சாரத்துக்கிட்ட இதையே ஹிந்தியில ஒரு தடவை சொல்லிடுங்க. அவங்க பெங்காலி. என்னை இனிமே வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டாங்க."

வலியில்லாதவர்

டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலிருந்து வந்த கான்ட்ராக்டர் ராஜேந்திரனுக்குப் பல வருடச் சர்க்கரை. ஷூவைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூ உருண்டு விழுந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார். உள்ளங்காலில் புண்.

"வலியே இல்லையே டாக்டர், எதுக்கு வைத்தியம்?"

"வலி தெரியாததுதான் வியாதி. இப்படியே விட்டால் விரலை எடுக்கணும். அப்புறம் காலை."

அவர் மனைவி கலாவதி ஷூவை எடுத்துத் தலைகீழாக உதறினார். அன்றிலிருந்து தினமும் ஷூவை உதறுவதும் பாதத்தைப் புரட்டிப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. புண் ஆற மாதக்கணக்காயிற்று. கால் பிழைத்தது. கடைசியாக வந்தபோது கலாவதி சொன்னார்:

"கல்யாணத்தன்னிக்கு இவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாங்க டாக்டர். திருப்பிப் பார்க்கணும்னு ஒருத்தரும் சொல்லல."

மாவுக்கட்டுக் குழந்தை

சௌல்தாரியிலிருந்து ஒரு தம்பதி, இரண்டு பாதமும் உள்பக்கம் மடங்கிப் பிறந்த பெண் குழந்தையோடு வந்தார்கள். வாராவாரம் மாவுக்கட்டை மாற்றியே பாதத்தைத் திருப்பிவிடலாம் என்றேன். அப்பா நம்பவில்லை.

"பெரிய ஆபரேஷன் வேணாம்னா, இங்க வசதியில்லன்னு அர்த்தமா? மைன்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் போட்டுட்டேன்."

அம்மா குழந்தையை என் மேஜைமேல் கிடத்தினார். டிக்கெட் கேன்சலாயிற்று.

மழையிலும் பஸ் பிடித்து வந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் குழந்தை கத்தும். அப்பா வெளியே போய் நின்று அழுவார். பிறகு குதிகால் தசைநாரில் சின்னதாக ஒரு வெட்டு, தூங்கும்போது போடக் கம்பி வைத்த பூட்ஸ்.

நடக்க ஆரம்பித்தபின் ஒருநாள் வந்தாள். மாவுக்கட்டு வாளியை எட்டி உதைத்துக் கவிழ்த்துவிட்டு வெராண்டாவுக்குப் பாய்ந்தாள். அப்பா பின்னாலேயே ஓடினார். அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இவ நடக்கணும்னு வேண்டாத சாமியில்ல டாக்டர். கொஞ்சம் உட்காரணும்னா எந்தச் சாமிக்கு வேண்டிக்கிறது?"

கால் சரியானவர்கள் அதே காலால் நடந்து வேறெங்கோ போய்விடுகிறார்கள் என்பதால், எங்கள் தொழிலில் நன்றி என்பது பெரும்பாலும் முதுகுப் பக்கமாகத்தான் தெரியும்.