பிடுங்காமல் விட்ட தூர்கள்

மைக்ராஸ்கோப்பில் குனியும் முன் மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் பிற்பகுதி அது. சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து படித்து வந்த நான் குமுளிக்கு மேலே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தேன். அவர் எஸ்டேட்டில் பார்த்த மேஸ்திரி வேலையை விட்டு, மூன்று ஏக்கரில் ஏலக்காய் பயிர் வைத்திருந்தார்.

செல்லின் சுவரைக் கரைத்துவிட்டால் உள்ளிருப்பது மெல்லிய உருண்டையாக மிதக்கும். ஏலத்தின் உருண்டையும் நோய் தாங்கும் காட்டுச்செடியின் உருண்டையும் ஒட்டிக் கலப்பதைக் காட்டினேன்.

"சட்டையக் கழட்டிட்டுக் கட்டிப்புடிங்கன்னு சொல்றீக. அதுகளுக்குக் கூச்சமா இருக்காதா சார்?" என்று சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுலருந்து செடி வந்துருமா?"

"வந்துருமுங்க. ரெண்டே வருஷம். அப்புறம் தேமல் நோய் உங்க தோட்டத்துப் பக்கமே வராது."

அதுவரை எந்தச் செடியும் வந்ததில்லை. சேர்ந்த செல்கள் ஒரு வாரத்துக்குள் பழுப்பேறிச் செத்தன. அதை அவரிடம் சொல்லவில்லை.

தேமலின் அடையாளமான வெளிறிய கோடு இலையில் கண்டால் அந்தத் தூரை அன்றே கிழங்கோடு தோண்டி எரிப்பது அவர் வழக்கம். என் சோதனைக்கு நோய் கண்ட இளந்தளிர் வாரந்தோறும் வேண்டியிருந்தது. அதனால் நாலு தூரை மட்டும் பிடுங்க வேண்டாம் என்றேன். அசுவினிப் பூச்சி அந்த நோயைச் செடிக்குச் செடி கடத்தும் என்று எனக்குத் தெரியும். எங்கள் நிலையத் தோட்டத்தில் அப்படியொரு தூரை ஒரு நாள்கூட விட்டுவைக்க மாட்டோம். அவர் மனைவி மட்டும், "நோவு புடிச்சத வீட்டுல வச்சுக்கிட்டு என்னங்கய்யா ஆராய்ச்சி?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். மேஸ்திரி அவரை அதட்டினார். "படிச்சவுக சொல்றாக. பேசாம இரு."

மூன்றாம் வருஷம் தோட்டம் முழுக்கக் கோடு விழுந்தது. நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, வயதான காலத்தில் சின்னக்கானலில் மகளை அண்டிப் போனார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் போனேன். கணவனும் மனைவியும் மிச்சத் தூர்களைத் தோண்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர் வெறும் மண்ணாகக் கேட்டிருந்தாராம்.

அந்த நாலு தூரைப் பற்றிச் சொல்லிவிடத்தான் போனேன். மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. "ஒங்களுக்கு எல இன்னும் வேணுமா சார்? தீ வைக்கப் போறேன்."

குனிந்து, நல்ல தளிராகப் பார்த்து, நாலைந்து கிள்ளிக்கொண்டு வந்தேன்.