பச்சைத்தண்ணீரில் அலசிய துணி

துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறாள். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று கடைக்காரர் பார்ப்பாரே, அந்த மாதிரி. பிறகு துணியின் மூலையைச் சுருட்டி மூக்கருகே கொண்டுபோகிறாள். சோப்பு வாசனை வந்தால் இன்னொரு அலசல் உண்டு. எந்த வாசனையும் இல்லாமல் இருந்தால்தான் அவளுக்கு அது துவைத்த துணி. "சோப்பு மணக்குதுன்னா அழுக்கு போயிடுச்சுன்னு அர்த்தமில்லக்கா. சோப்பு போகலைன்னு அர்த்தம்" என்பாள்.

எங்கள் சலவைக் கூடத்தில் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பேர். நிறத்தைப் பார்த்து வைத்த பேர் அல்ல. எங்கள் எல்லாரையும்விட அவள் கறுப்பு. தங்கும் விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்பும் துவாலையும் வருகின்றன. மெஷினில் போட்டு எடுத்தும் போகாத கறை அவள் மேஜைக்குப் போகும். கறைகளை அவன் இவன் என்றுதான் பேசுவாள். "தேயிலைக் கறை மானஸ்தன்க்கா, ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடுவான். எண்ணெய்க் கறை வீட்டோட மாப்பிள்ளை. போறேன் போறேன்னு சொல்லிட்டு, காய்ஞ்ச பிறகு பார்த்தா அங்கேயே உக்காந்திருப்பான்."

இஸ்திரி போடுகிற அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஒரு தலையணை உறையைத் தீய்த்தே விட்டார்.

வேலையில் அவளுக்கு ஒரு வீம்பு உண்டு. கறைத்துணியை யார் கண்ணிலும் படவிடமாட்டாள். மூட்டையைப் பிரித்ததும் கறை உள்பக்கம் போகிறமாதிரி மடித்துத்தான் மேஜைக்கு எடுத்துப்போவாள். வெளுத்த பிறகுதான் விரித்துக் காட்டுவாள். "அழுக்கைக் காட்டுறது துணிக்கு அவமானம்க்கா" என்பாள். துணிக்கு ஏது மானம் அவமானம் என்று நான் கேட்டதில்லை. பக்திக்காரர்களுக்குக் கோயில் வாசல் எப்படியோ, அவளுக்கு வெள்ளைத் துணி அப்படி.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு தலைப்பை அவள் பிடிக்க, மறு தலைப்பை நான் பிடிப்பேன். உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்போம். முனை சேருகிற நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்வாள். உடனே அடுத்த விரிப்பை எடுக்க விலகிப் போய்விடுவாள். மிச்சம் அடுத்த விரிப்பில் வரும். அவளுடைய குழந்தையின் கதை முழுவதும் எனக்கு அப்படித்தான், மடிப்பு மடிப்பாக, கிடைத்தது.

தலைச்சன் பிள்ளை, பெண். தலை நின்றதும் நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். கடையில் விற்கிற டயப்பரைக் கட்டினால் குழந்தைக்குத் தொடையிடுக்கு தடித்துப் போகிறது. அதனால் பழைய பருத்தித் துணியைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, மூலை மடித்துக் கட்டினாள். மொட்டைமாடிக் கொடியில் அந்தத் துணிகள் வரிசையாகக் காயும்போது பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி பேசுவார்களாம்: "உம் புள்ளை மூத்திரம் போகுதா, பன்னீர் போகுதா?" அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்கிற தாய்க்குக்கூட அவ்வளவு பெருமை வராது.

ஆனால் பிள்ளை பால் குடித்த கையோடு வில்லாக வளைந்து அழுதது. காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டது. கன்னத்தில் செம்பொரி. குடித்ததில் பாதியைக் கக்கியது. குழந்தைகள் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர்கள் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை வரும்போது, பாப்பா வெளிக்கிப் போன துணியை ஒரு பையில போட்டு அப்படியே எடுத்துட்டு வா" என்றார்கள்.

இவள் எடுத்துப் போனாள். ஊறவைத்து, கசக்கி, அலசி, நீலம் போட்டு, வெயிலில் காயவைத்து, இஸ்திரியும் போட்டு, நான்காக மடித்து எடுத்துப் போனாள்.

"எப்படிக்கா பீத்துணியை ஒரு டாக்டரம்மா மேஜைமேல வைக்கிறது?" என்று விரிப்பின் மறுமுனையிலிருந்து என்னைக் கேட்டாள். "அவங்க விரிச்சுப் பார்த்தாங்க. 'என்னம்மா இது, புதுசா வாங்கினியா?'ன்னாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சுக்கா. அன்னிக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சு."

முனையோடு முனை சேர்ந்தது. விரிப்பை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க அவள் வெகுநேரம் குனிந்தே நின்றாள்.

துணியில் ஒன்றும் இல்லை என்றதும் டாக்டரம்மா வாயால் கேட்டிருக்கிறார்கள். எப்படிப் போகிறது, என்ன நிறம், சளி மாதிரி இருக்கிறதா, ரத்தம் தெரிகிறதா? பெரிய இடத்தில் பேச இவளுக்கு நாக்கு எழும்பாது. "கொஞ்சம் வழவழன்னு போகுதுங்க" என்றாள். ரத்தமா என்றதற்கு, இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. பார்த்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு. எந்தக் கறைக்கும் வெந்நீர் ஊற்றலாம், ரத்தத்துக்கு மட்டும் கூடாது. சூடு பட்டால் ரத்தம் நூலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பச்சைத்தண்ணீரில்தான் அலச வேண்டும். இவள் குழந்தைத் துணிக்கு எப்போதும் வெந்நீர்தான் வைப்பாள். ஆனால் அந்த நாட்களில் சில துணியை வெந்நீர் வாளியில் போடாமல், குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பச்சைத்தண்ணீரில் அலசியிருக்கிறாள். ஏன் என்று யோசிக்கவில்லை. கை போனது, செய்தது, வந்தது.

"கைக்குத் தெரிஞ்சிருக்குக்கா" என்றாள். "எனக்குத்தான் தெரியலை."

ஆண்டவன் ஆளுக்கு ஒரு வித்தையைக் கொடுக்கிறான். கொடுத்த வித்தையே ஒருநாள் கண்ணை மறைக்கும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லி அனுப்புவதில்லை.

பிள்ளையின் அழுகை நிற்கவில்லை. நாத்தனார் நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் முந்தும். "அம்மாடி, சொன்னா கோவிச்சுக்காதே. உம் பாலுதான் புள்ளைக்கு ஒத்துக்கலை. குடிச்சா அழுவுது, குடிக்காட்டி தூங்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" இவளுக்கும் அது சரியென்றே பட்டது. துணியைத் தூய்மையாக வைத்திருக்கிறோம், வீட்டைத் துடைத்து வைத்திருக்கிறோம், அழுக்கு வேறே எங்கே இருக்கும், நம் உடம்பிலேதான் என்று முடிவு கட்டிவிட்டாள். பவுடர் பால் டப்பா வாங்கினாள். ஓரம் கிழிந்து கழித்துப் போட்ட விடுதி விரிப்பு ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கிப்போய், பட்டையாகக் கிழித்து, மாரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் அவள் துணி உதறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். முதுகு வலி என்றாள்.

பால் கட்டி, காய்ந்து, நின்றது.

பவுடர் பாலில் பிள்ளை தேறவில்லை. இன்னும் மோசமானது. ஒருநாள் இவள் இங்கே வேலையில் இருக்க, நாத்தனார் வெளியே போயிருக்க, வீட்டில் இவள் புருஷன் மட்டும் பிள்ளையோடு இருந்தார். கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், அன்றைக்கு வேலை இல்லை. பிள்ளை கக்கிக் கக்கித் துவண்டு போனது. அவருக்குக் குழந்தைக்குத் துணி கட்டவும் தெரியாது, அவிழ்க்கவும் தெரியாது. "கயித்துல தொங்கி மூணாம் மாடிக்கு பெயிண்ட் அடிப்பாருக்கா, ஒரு ஊக்கு மாட்டத் தெரியாது" என்று இவள் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். நனைந்து நாறிய துணியோடு அப்படியே தோளில் போட்டுக்கொண்டு மனிதர் ஓடியிருக்கிறார். சட்டையெல்லாம் பழைய பெயிண்டும் பிள்ளை கக்கியதும்.

டாக்டரம்மா அந்தத் துணியை அவிழ்த்தார்கள். பச்சையாகச் சளி, அதற்குள் சிவப்பு நூல் நூலாக ரத்தம். "இதைத்தானேப்பா நான் அன்னிக்கே கேட்டேன்" என்றார்களாம். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்கிறாள் இவள்.

இவள் போய்ச் சேர்ந்த பிறகு விவரமாகச் சொன்னார்கள். பசும்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தாய் குடிக்கிற டீயில், தின்கிற தயிரில், வெண்ணெயில் இருப்பது தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. டப்பாவில் இருந்ததும் பசும்பால் மாவுதான். "உன் பாலில் ஒரு குறையும் இல்லைம்மா. நீ மாட்டுப்பாலை விட்டிருந்தா போதும், பிள்ளைக்கு நீயே கொடுத்துக்கிட்டு இருந்திருக்கலாம்."

அதைச் சொல்லிவிட்டு, இந்தமாதிரிப் பிள்ளைகளுக்கென்று உள்ள வேறு பவுடரை எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளை தேறிவிட்டது. கன்னத்துப் பொரி உதிர்ந்துவிட்டது, குப்புற விழுந்து நீந்துகிறது. ஆண்டவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம்தான். சொல்லியும் ஆயிற்று.

இவள் மட்டும் தேறவில்லை. நின்ற பால் திரும்ப வருமா என்று டாக்டரம்மாவைக் கேட்டாள். "வாயில வச்சுக்கிட்டே இரு. சிலபேருக்கு வரும், சிலபேருக்கு வராது. வராட்டி அதுக்காக உன்னை நீயே வதைச்சுக்காதே" என்றார்கள். இவள் காதில் முன்பாதிதான் விழுந்தது. டீயில் பால் நின்றது. தயிர், வெண்ணெய், பிஸ்கட்டு எல்லாம் நின்றன. ரொட்டிக் கடைக்காரரிடம், மாவு பிசையும்போது பால் சேர்ப்பதுண்டா, அடுப்பில் வைக்குமுன் மேலே எதையாவது தடவுவதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டு, "நீ என்னம்மா, கடை வைக்கப் போறியா?" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் டீ நேரத்தில் இஸ்திரி அண்ணன் அவளுடைய கறுந்தேநீரைப் பார்த்துவிட்டு, "பாலே இல்லாதவளுக்கு எதுக்கு இந்தப் பத்தியம்?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே தெரிந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார்.

அவள் கோபப்படவில்லை. "வந்தா சுத்தமா வரணும்ல அண்ணே" என்றாள்.

நடுவில் ஒருநாள் காலை, கூடத்துக்குள் நுழைந்ததும் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். ஒரு துளி வந்ததாம். விரல் நுனியில் எடுத்துப் பார்த்தாளாம். "வெள்ளைகூட இல்லக்கா, தண்ணி மாதிரி. ஆனா வந்துச்சு." அன்று முழுவதும் நாங்கள் மடித்த விரிப்புகளில் ஒரு சுருக்கம் இல்லை. அடுத்த நாள் கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு நான் கேட்பதில்லை. அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன், ஆனால் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. பாலைக் கொடு என்பதா, பாலை மறக்கக் கொடு என்பதா?

மத்தியானம் நாத்தனார் பிள்ளையைக் கூடத்துக்குத் தூக்கி வருவார். மடித்து அடுக்கிய விரிப்புகள் ஆள் உயரம் இருக்கும், அவற்றுக்குப் பின்னால் ஒரு முக்காலி. நேற்றும் அவள் பிள்ளையோடு அங்கே உட்கார்ந்தாள். நான் அடுக்கைச் சரிசெய்கிற சாக்கில் அருகே நின்றேன்.

பிள்ளை வாயை வைத்தது. நாலைந்து தடவை இழுத்தது. விட்டுவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அவள், "இன்னும் கொஞ்சம்டா தங்கம், இன்னும் கொஞ்சம்" என்றாள். பிள்ளை மறுபடி வைத்தது, உடனே விட்டது, முதுகை நெளித்துக்கொண்டு அழத் தொடங்கியது.

"போதும் விடும்மா" என்றார் நாத்தனார். முன்புபோல அதட்டுகிற குரல் அல்ல. "அன்னிக்கு என் வாயை வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்கணும்."

"நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க? துணியைத் துவைச்சது நான்தானே?"

ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். மேலே ஊக்கையும் குத்திக்கொண்டாள். நாத்தனார் கலக்கி வைத்திருந்த புட்டியை வாங்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பிள்ளையின் வாயில் வைத்தாள். அழுகை சட்டென்று நின்றது. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளையின் கண்கள் செருகின.

குடித்துக்கொண்டே அதன் கை மேலே வந்தது. ரவிக்கைத் துணியின்மேல் ஊர்ந்தது. துழாவியது. எங்கும் வழி இல்லாமல் ஊக்கு இருந்த இடத்தில் வந்து சுரண்டியது.

அவள் புட்டியைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் ஊக்கைக் கழற்றி, ஒரு கொக்கியை அவிழ்த்து, பிள்ளையின் கையை உள்ளே விட்டுக்கொண்டாள்.